வடமும் சேறும்

பழனிக்குப் போய் வந்தவர்களுக்கு விஞ்சு என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. 1966-ஆம் ஆண்டிலிருந்து, படியேற முடியாதவர்களும் படியேறப் பிடிக்காதவர்களும் அடிவாரத்தில் வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கி, அந்தப் பெட்டியில் உட்கார்ந்து மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெட்டிக்குத் தானாக ஏறுகிற சக்தி கிடையாது. ஓர் அறையில் இருக்கும் பெரிய உருளை சுழன்று இரும்பு வடத்தைச் சுருட்டுகிறது, பெட்டி ஏறுகிறது. விஞ்சு என்பது அந்த யந்திரத்தின் பெயர். நம் ஜனங்கள் அதைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் சொல்தான், ஆனால் தமிழிலும் விஞ்சுதல் என்றால் மிஞ்சுதல் அல்லவா? தன் எடைக்கு மிஞ்சின பாரத்தை இழுக்கிற யந்திரத்துக்கு, புலவர்கள் கூடி ஆலோசித்தாலும் இதைவிடப் பொருத்தமான பெயர் அகப்படாது.

நான் இங்கே சொல்லப்போவது பழனி விஞ்சைப் பற்றி அல்ல. அது தண்டவாளத்தின் மேல், நிழலில், சௌகரியமாக வேலை செய்கிறது. லாரியின் மூக்கிலும் ஜீப்பின் மூக்கிலும் உட்கார்ந்துகொண்டு, சேற்றிலும் மணலிலும் மழையிலும் உழைக்கிற விஞ்சு ஒன்று உண்டு. எனக்கும் அதற்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

நான் வளர்ந்தது புழலில். மெட்ராஸுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஏரி என்று ஊருக்கெல்லாம் தெரியும். ஆனால் அந்த ஏரியைச் சுற்றியுள்ள மண்ணின் குணம் லாரிக்காரர்களுக்குத்தான் தெரியும். வெயில் காலத்தில் செங்கல் மாதிரி கிடக்கும். ஐப்பசி பிறந்து இரண்டு மழை விழுந்தால் போதும், அல்வா. பக்கத்துச் செங்குன்றத்தில் அரிசி ஆலைகள். அந்தப் பக்கம் மாதவரம், மணலி, எண்ணூர். எல்லாவற்றுக்கும் லாரி. தார் ரோட்டை விட்டு ஒரு சக்கரம் கீழே இறங்கிவிட்டால், அன்றைக்கு டிரைவருக்குச் சிவராத்திரி.

சேற்றை ஜயிக்க மனிதனுக்கு இரண்டு வழிகள் தோன்றியிருக்கின்றன. ஒன்று, வண்டி போகிற பாதையைத் திருத்துவது. மற்றது, பாதை எப்படி வேண்டுமானாலும் கிடக்கட்டும் என்று வண்டியைப் பிடித்து இழுப்பது. முதல் வழிக்கு எங்கள் ஊரே ஒரு சரித்திர சாட்சி. 1837-ஆம் ஆண்டிலேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரையில் ஒரு தண்டவாளப் பாதை ஓடியது. இந்தியாவின் முதல் ரயில் பாதை என்று அதைத்தான் சொல்ல வேண்டும். பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ரயில் ஓடியது 1853-இல். எங்கள் ராயபுரம் ஸ்டேஷன் திறந்தது 1856-இல். பிற்காலத்தில் கோதாவரி அணையால் பெயர் பெற்ற ஆர்தர் காட்டன்தான் இந்தப் பாதையையும் போட்டவர். சென்னையில் ரோடு போடக் கல் வேண்டும். கல் செங்குன்றத்தில் இருக்கிறது. கல்லைக் கொண்டுவர ரோடு இல்லை. ரோடு போடுவதற்காகவே ஒரு ரயில்! சில வருஷங்களில் அது மறைந்துவிட்டது. இன்று அதன் தடத்தைத் தேடிப் போனால் தண்ணீர் லாரி நம்மை ஓரம் தள்ளிவிட்டுப் போகும்.

இரண்டாவது வழியான வடம் பிடித்து இழுப்பது கடற்கரைக்காரர்களின் வித்தை. தேர் வடத்தை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். தேர் விஷயத்தில் ஆயிரம் பேர் இழுப்பது பெரிதல்ல. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் இருக்கிறாரே, அவர்தான் தேரை நடத்துகிறவர். இழுக்கிற கை ஓயும்போது பாரம் பின்னுக்கு ஓடாமல் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். கப்பலில் நங்கூரம் தூக்குகிற உருளையைக் கண்டுபிடித்தவனுக்கும் இந்தச் சங்கதி தெரிந்திருந்தது. நட்டுவைத்த உருளையில் கழிகளைச் செருகி மாலுமிகள் செக்கு மாடு போலச் சுற்றி வருவார்கள். அடியில் இரும்புப் பல் ஒன்று 'டக் டக்' என்று விழுந்துகொண்டே வரும். மாலுமிகள் மூச்சு வாங்க நின்றாலும் அந்தப் பல் நங்கூரத்தை விடாது.

சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்று 1875-க்கு முன்னால் இல்லை. கப்பல்கள் தூரத்தில் நிற்கும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் சரக்கும் துரைகளும் நனைந்துகொண்டு கரை சேருவார்கள். 1875-இல் கட்ட ஆரம்பித்த துறைமுகத்தை 1881 நவம்பர் புயல் துவம்சம் செய்தது. மறுபடி கட்டினார்கள். அதன் பிறகு நூறு வருஷம் போல, கப்பல் தட்டில் இருக்கும் விஞ்சுகள்தாம் சென்னையின் சரக்கைத் தூக்கி இறக்கின. 1983-இல் கண்டெய்னர் துறை வந்ததும் அந்தச் சத்தம் குறைந்துபோயிற்று. ராயபுரத்துப் பழைய தொழிலாளிகளிடம் பேச்சுக் கொடுத்தால் இன்றும் பாரத்தை இறக்குவதற்கு 'ஆரியா' என்பார்கள். ஆரியருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போர்த்துகீசிய மாலுமி விட்டுப்போன சொல். அரசியல் பேசுகிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆக, விஞ்சு கப்பலுக்குச் சொந்தம். அதைத் தரைக்குக் கொண்டுவந்து வண்டியில் ஏற்றினபோது ஒரு பெரிய தகராறு முளைத்தது. கப்பல் கனமானது, அதன் தட்டில் உட்கார்ந்து எதை இழுத்தாலும் கப்பல் அசைந்து கொடுக்காது. வண்டி அப்படியா? சேற்றில் நிற்கிற ஒரு லாரி, சேற்றில் புதைந்த இன்னொரு லாரியை இழுத்தால், யார் யாரை இழுப்பது? புதைந்தது கெட்டியாக இருக்கும். காப்பாற்ற வந்தது சறுக்கிக்கொண்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். எங்கள் ஊரில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் ஜான் பௌலர் என்பவருக்கு இந்த யோசனை நன்றாக வேலை செய்தது. நீராவி எஞ்சினை வயலில் இறக்கினால் அதன் எடைக்கு அது புதைந்து போகிறது. சரி, எஞ்சின் வயலுக்குள் வரவே வேண்டாம், வரப்போரத்தில் நிற்கட்டும் என்றார். இந்தக் கரையில் ஒரு எஞ்சின், அந்தக் கரையில் ஒரு எஞ்சின். வயிற்றுக்கு அடியில் உருளை. நடுவே இரும்பு வடத்தில் கலப்பை இப்படியும் அப்படியுமாகப் போய் வரும். 1858-இல் அவருடைய நீராவி உழவுக்கு ராஜாங்க விவசாயச் சங்கத்தின் பரிசு கிடைத்தது. சக்கரம் வைத்த வண்டியில் உருளையைக் கட்டி, கரடுமுரடான நிலத்தில் வேலை வாங்கினதில் இது ஒரு பெரிய படி. பௌலருக்கு முன்னால் இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் உத்தியோகம் பார்த்த வில்ஹெல்ம் ஆல்பர்ட், 1834-இல் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் எல்லாம் விட்டது. கம்பி வடத்தில் ஒரு இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், கையிலும் குத்தும். எச்சரிக்கை செய்துவிட்டுத்தான் அறும். அதாவது, எச்சரிக்கையைக் கேட்கிற மனிதன் பக்கத்தில் இருந்தால்.

லாரியின் மூக்கில் விஞ்சு ஆயிரக்கணக்கில் ஏறியது இரண்டாவது உலக யுத்தத்தில். ஜி.எம்.சி. என்ற அமெரிக்கக் கம்பெனி இரண்டரை டன் லாரிகளை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியது. அவற்றில் ஒரு பகுதிக்கு முன்பக்கத்தில் 10,000 பவுண்டு, நம் கணக்கில் சுமார் நாலரை டன், இழுக்கும் விஞ்சு வைத்திருந்தார்கள். அஸ்ஸாமில் லீடோவிலிருந்து பர்மாக் காட்டுக்குள் ரோடு போட்ட கதை பலருக்கும் தெரிந்திருக்கலாம். 1942 டிசம்பரில் வேலை ஆரம்பித்து, 1945 பிப்ரவரியில் முதல் லாரி வரிசை சீனாவின் குன்மிங் நகரம் போய்ச் சேர்ந்தது. நடுவில் இரண்டு மழைக்காலங்கள். அப்படிப்பட்ட சேற்றில் விஞ்சு வைத்த லாரிக்கு மரியாதையே தனி. அது முதலில் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். வடத்தை அவிழ்த்து எதிரே இருக்கிற மரத்தில் கட்டி, உருளையைச் சுழற்றினால், மரம் வராது. லாரி மரத்திடம் போகும். கெட்டி நிலத்தில் ஏறி நின்றுகொண்டு பின்னால் வருகிறவனை இழுக்கும். மரமே இல்லாத இடத்தில் குழி தோண்டி, ஸ்டெப்னியையோ ஒரு கட்டையையோ புதைத்து அதில் கட்டிக்கொள்வார்கள். மண்ணைத் தவிர வேறு பிடிப்பு இல்லாதபோது மண்ணையே பிடித்துக்கொள்வது.

அந்த விஞ்சின் உள்ளே இருப்பது மூன்று சங்கதிகள். லாரியின் எஞ்சினிலிருந்தே ஒரு தண்டு வழியாக அதற்குச் சக்தி வருகிறது. அந்தத் தண்டு, திருகாணி போல் மரை வெட்டிய இன்னொரு தண்டைச் சுழற்றுகிறது. திருகாணி ஒரு பல்சக்கரத்தைத் தள்ளுகிறது. பல்சக்கரம் உருளையைச் சுழற்றுகிறது. திருகாணி பல முறை சுற்றினால்தான் உருளை ஒரு முறை சுற்றும். வேகம் போய்ப் பலமாகிறது. திருகாணி சக்கரத்தைத் தள்ளுவது சுலபம். சக்கரம் திருகாணியைத் திருப்பித் தள்ளுவது கஷ்டம். பக்கபலத்துக்கு ஒரு பிரேக்கும் உண்டு. தேருக்கு முட்டுக்கட்டை, நங்கூரத்துக்குப் பல், இங்கே திருகாணி.

மூன்றாவது சங்கதிதான் என் கதைக்குச் சம்பந்தப்பட்டது. எஞ்சின் தண்டையும் விஞ்சுத் தண்டையும் சேர்க்கிற இடத்தில், சுண்டுவிரல் பருமனில் ஒரு பின் இருக்கும். ஷியர் பின் என்பார்கள். உடைவதற்காகவே செய்தது. பாரம் அளவுக்கு மிஞ்சினால், வடம் அறுவதற்கு முன்னால், பல் பெயர்வதற்கு முன்னால், இந்தப் பின் 'படக்' என்று முறியும். விஞ்சு நின்றுவிடும். ஆள் பிழைத்துக்கொள்வான். வேறொன்று எடுத்துச் செருகிக்கொள்ளலாம்.

என் சித்தப்பாவிடம் அப்படி ஒரு லாரி இருந்தது. யுத்தம் முடிந்து டிஸ்போசலில் விற்ற சாமான், எத்தனையோ கை மாறி அவரிடம் வந்தது. எஞ்சினை மாற்றி, கூண்டை மாற்றி, பாடியை மாற்றி, கடைசியில் அதில் அமெரிக்கா பாக்கியிருந்தது சேஸிஸும் விஞ்சும்தான். ஜி.என்.டி. ரோட்டில் எந்த வண்டி சாய்ந்தாலும் சித்தப்பாவுக்கு ஆள் வரும். அவரிடம் ஒரு ஓவல்டின் டப்பா உண்டு, நிறையப் பின்கள். லீவு நாட்களில் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவது என் உத்தியோகம். "எதுக்கு சித்தப்பா இவ்வளவு பின்னு?" என்று கேட்டேன் ஒரு தரம். "ஒடையறத்துக்குத்தான்டா" என்றார். வடம் முறுக்கேறும்போது அதன் நடுவில் நனைந்த கோணிச் சாக்கைப் போடுவதும் என் வேலை. அறுந்தால் சாக்கின் கனம் வடத்தைத் தரையில் அமுக்கும். இல்லாவிட்டால் அது பாம்பு மாதிரி திரும்பி வந்து அடிக்கும்.

1994 அக்டோபர் கடைசியில் சென்னையில் ஒரு புயல் கரையேறியது. அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, செங்குன்றத்திலிருந்து அரிசி ஏற்றிவந்த ஒரு லாரி, எதிரே வந்த பஸ்ஸுக்கு வழி விட்டு ஏரிப் பக்கம் இறங்கிவிட்டது. வண்டி ஆறு டன், அரிசி பத்து டன். பின்சக்கரம் முழுதும் சேற்றுக்குள்.

சேற்றுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ராணுவக்காரர்கள் அனுபவத்தில் கண்டது. சக்கரம் அளவு புதைந்தால் வண்டியின் எடை எவ்வளவோ அவ்வளவு இழுவை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் எடையைப் போல் இரண்டு பங்கு. அதற்கும் மேலே என்றால் மூன்று பங்கு. எங்கள் அரிசி லாரிக்குப் பதினாறு டன் இழுவை வேண்டும். சித்தப்பாவின் விஞ்சு நாலரை. லாரியில் ஒரு கப்பியை மாட்டி, வடத்தை அதில் கொடுத்துத் திருப்பி மரத்தில் கட்டினால் வேகம் பாதியாகும், இழுவை இரட்டிக்கும், ஒன்பது. அதிலும் உராய்வுக்குக் கொஞ்சம் போகும். மிச்சத்துக்கு மண்ணை வெட்டு, மூட்டையை இறக்கு, பலகையைப் போடு. இதுதான் கணக்கு. சித்தப்பா ராணுவப் புத்தகம் படித்தவரல்ல. ஆனால் முதல் பின் உடைந்ததும் மண் வெட்டச் சொன்னார். இரண்டாவது பின் உடைந்ததும், "மூட்டையைப் பாதி இறக்குங்க" என்றார்.

மண்டிக்காரர் சம்மதிக்கவில்லை. தூறல் விடவில்லை, இறக்கினால் அரிசி நனையும். பேச்சு வளர்ந்தது. சித்தப்பா தம் பிடிவாதத்தை விடாமல், பலகை கொண்டுவருகிறேன், அதற்குள் யோசித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து மரவாடிக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் மண்டிக்காரர் எங்கள் கையாள் பையனிடம், "ஏம்ப்பா, அந்தப் பின்னுக்குப் பதிலா ஒரு நல்ல போல்ட்டா போட்டா என்ன?" என்று கேட்டார். கையாள் என்னைப் பார்த்தான். டூல்ஸ் பெட்டியிலிருந்து போல்ட்டை எடுத்துக் கொடுத்தவன் நான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சித்தப்பா திரும்பி வருவதற்குள் லாரியை வெளியே எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்று ஓர் ஆசை.

போல்ட் உடையவில்லை. எஞ்சின் முக்கியது. அரிசி லாரி ஒரு ஜாண் அசைந்தது, எல்லாரும் கத்தினோம். பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு சித்தப்பா வடத்தின் ஓரமாகவே ஓடி வந்துகொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லிக் கத்தினாரோ என்னவோ, எங்கள் இரைச்சலில் காதில் விழவில்லை. வடம் அறுந்தது. வடத்தின் மேல் இருக்க வேண்டிய சாக்கு, மழைக்குக் கொங்காணியாக என் தலையில் இருந்தது.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இரண்டு மாதம் படுக்கை. பிற்பாடு நடந்தார், இழுத்து இழுத்து. மண்டிக்காரர் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார், நனைந்த மூட்டை. போல்ட்டை யார் கொடுத்தது என்று சித்தப்பா என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் இருந்த வரையில் சொல்லவில்லை. லாரியை நாலைந்து வருஷத்தில் எடைக்குப் போட்டுவிட்டார்.

இப்போது அந்த வகை விஞ்சு அபூர்வம். அமெரிக்காவில் வார்ன் என்ற கம்பெனி ஜீப்புகளுக்கு மின்சார விஞ்சு செய்து 1959-இல் விற்கத் தொடங்கியது. எஞ்சினோடு தண்டு வைத்து இணைக்கிற தொல்லை இல்லை, பாட்டரியே போதும். எஞ்சின் நின்றுபோய் ஆற்றில் கிடக்கிற ஜீப்கூடக் கொஞ்ச நேரம் தன்னை இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம்தான். முழுப் பாரத்தில் அது 400 ஆம்பியர் குடிக்கும். விட்டு விட்டு இழுக்காவிட்டால் மோட்டார் சுட்டுவிடும், பாட்டரி படுத்துவிடும். திருகாணிக்குப் பதிலாகப் பெரும்பாலும் சூரியனைச் சுற்றும் கிரகங்கள் மாதிரி அமைந்த பல்சக்கரங்கள். பாரத்தைப் பிடித்துக்கொள்ள உருளைக்குள்ளேயே ஒரு பிரேக் வைப்பதுண்டு. இரும்பு வடமானால் உராய்ந்து சூடாகிறது என்று யாரும் கவலைப்படுவதில்லை. இப்போது பிளாஸ்டிக் வகையில் ஒரு நூல் வடம் வந்திருக்கிறது. அதே பருமனில் இரும்பைவிடப் பலமானது, தண்ணீரில் மிதக்கிறது, அறுந்தாலும் இரும்பைப் போல அவ்வளவு வேகமாகத் திரும்பி வந்து அடிப்பதில்லை. ஆனால் சூடு அதற்கு ஆகாது, மணல் உள்ளே புகுந்து அறுக்கும், வெயிலும் தின்னும். சேற்றில் வேலை முடிந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அலசி வைக்க வேண்டும்.

விஞ்சின் மேல் எழுதியிருக்கிற எண்ணை நம்பிக் கடைக்காரனிடம் பணம் கொடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த எண், உருளையில் வடம் ஒரே அடுக்காக இருக்கும்போது மட்டும் பொருந்தும். அடுக்கு ஏற ஏற உருளை பருத்துவிடுகிறது, அதே முறுக்கு, தூரத்திலிருந்து தள்ளுகிறது, இழுவை குறைகிறது. நாலாவது அடுக்கில் மூன்றில் ஒரு பங்குபோல் காணாமல் போய்விடும். ஆகவே பக்கத்து மரத்தைவிடத் தூரத்து மரம் நல்லது. அதற்காக வடம் முழுவதையும் அவிழ்த்துவிடவும் கூடாது. உருளையில் ஐந்து சுற்றாவது மிச்சம் இருந்தால்தான் அது உருளையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு, புழல் ஏரியின் உபரிநீர் கால்வாய் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சரக்கு வேன் சேற்றில் உட்கார்ந்திருந்தது. இரண்டு வாலிபர்கள் மின்சார விஞ்சு வைத்த ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஜீப்பின் பின்பக்கத்தை ஒரு வேப்பமரத்தில் கட்டினார்கள். மரத்தின் பட்டை உரியாமல் அகலப் பட்டி போட்டுக் கட்டினது எனக்குத் திருப்தியாக இருந்தது. நூல் வடம்தான். இருந்தாலும் ஒருவன் தன் மழைக்கோட்டைக் கழற்றி அதன் நடுவில் போட்டான். நான் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்தும் இன்னும் பின்னால் நகர்ந்து, ஒரு டீக்கடை ஓரத்தில் நின்றுகொண்டேன்.

பத்து நிமிஷத்தில் வேன் வெளியே வந்துவிட்டது. வடத்தைச் சுருட்டிக்கொண்டே அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "இன்னா சார், அவ்ளோ தூரம் போய் நின்னுட்டீங்க?"

"வடம் எவ்வளவு நீளமோ அதுக்கு ஒண்ணரைப் பங்கு தள்ளி நிக்கணும்ப்பா" என்றேன்.

"யார் சார் சொன்னாங்க?"

"எங்க சித்தப்பா" என்றேன்.